அடுத்த வீட்டுக் குரல்

2012-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், கனடா தேசத்துக் கியூபெக் நகரத்தில் ஒரு பெரிய சபை கூடியது. பல நாடுகளின் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் சபாநாயகர்களும் வந்து கூடும் சபை அது. அங்கே பேசிய கனடாவின் அயல்நாட்டு மந்திரி ஜான் பேர்ட், சம்பிரதாயமான வார்த்தைகளோடு நிறுத்திக் கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டாவில், தன்பால் ஈர்ப்புக் கொண்டவர்கள் படும் பாட்டை எடுத்துச் சொன்னார். அங்கே கொலையுண்ட டேவிட் கட்டோ என்பவரின் பெயரையும் சொன்னார்.

உகாண்டாவின் சபாநாயகர் ரெபெக்கா கடாகா என்னும் அம்மையார் அந்தச் சபையில் இருந்தார். அவர் சும்மா இருப்பாரா? உகாண்டா ஒன்றும் கனடாவின் குடியேற்ற நாடு அல்ல என்று சூடாகப் பதில் கொடுத்தார். சில தினங்கள் கழித்து அவர் எண்டெபி விமான நிலையத்தில் வந்து இறங்கிய போது பாதிரிமார்களும் அரசியல்வாதிகளும் கூட்டமாக நின்று வரவேற்றார்கள். அயல்நாட்டில் தேசத்தின் மானத்தைக் காப்பாற்றிய வீராங்கனையாகி விட்டார் அவர். வருஷக்கணக்காகத் தூங்கிக் கிடந்த ஒரு மசோதாவைத் தூசி தட்டி எடுத்து, ஜனங்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தரப் போவதாகவும் வாக்களித்தார்.

பேர்ட் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் யாருக்காகப் பரிந்து பேசினாரோ, அவர்களுக்கு அந்தப் பேச்சினால் கிடைத்தது என்ன? எந்த மசோதாவைக் கண்டு அவர்கள் நடுங்கினார்களோ, அந்த மசோதா அல்லவா விழித்துக் கொண்டது!

நம் ஊர்த் தெருக்களில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். புருஷன் அடிக்கிறான், பெண் அழுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து இறங்கி வந்து, நாலு பேர் கேட்க அவனைக் கண்டிக்கிறார். அவர் சொல்வது அத்தனையும் நியாயம். ஆனால் அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொண்ட பிறகு, இருட்டில் அந்தப் பெண் அவனோடு தனியாக இருக்க வேண்டியிருக்கிறது. அதற்காக அடுத்த வீட்டுக்காரர் வாயை மூடிக் கொண்டு இருந்து விடலாமா? அதுவும் தகாது. எப்படிப் பேசுவது, எப்போது பேசுவது, யாரைக் கேட்டுக் கொண்டு பேசுவது என்பதுதான் கேள்வி. உகாண்டாவின் கதையை இந்தக் கேள்வியோடு படித்தால், ராஜதந்திரத்தைப் பற்றிச் சில உண்மைகள் புலப்படும்.

உகாண்டாவில் இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வது வழக்கம். தன்பால் ஈர்ப்பு ஐரோப்பாவிலிருந்து வந்த இறக்குமதிச் சரக்கு என்பது அவர்கள் கட்சி. சரித்திரம் இதற்கு என்ன சொல்கிறது?

உகாண்டாவின் பகுதியான புகாண்டா ராஜ்யத்தை ஆண்ட இரண்டாம் முவாங்கா என்ற அரசன், கிறிஸ்துவ மதத்தைத் தழுவிய தன் அரண்மனைப் பணியாட்கள் பலரைக் கொன்றான். 1886-ஆம் வருஷம் ஜூன் 3-ஆம் தேதி நமுகோங்கோ என்னுமிடத்தில் பலரை உயிரோடு எரித்தான். அரசனுடைய இச்சைக்கு அந்த இளைஞர்கள் இணங்க மறுத்ததும் அவன் கோபத்துக்கு ஒரு காரணம் என்று திருச்சபையின் வரலாறே கூறுகிறது. மாண்டவர்களில் கத்தோலிக்கர்கள் 22 பேருக்கு 1964-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் அளித்தார்கள். ஜூன் 3 உகாண்டாவில் விடுமுறை நாள். முவாங்கா செய்தது கொடுங்கோன்மை. அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால், பிரிட்டிஷார் 1894-இல் அந்த நாட்டைத் தங்கள் பாதுகாப்பில் கொண்டு வருவதற்கு முன்பே, அரண்மனையில் வழங்கிய ஒரு விஷயத்தை வெள்ளைக்காரன் கொண்டு வந்தான் என்று எப்படிச் சொல்வது?

வெள்ளைக்காரன் கொண்டு வந்தது சட்டத்தை! மெக்காலே பிரபு நகல் எழுதி, 1860-இல் நிறைவேறிய இந்தியன் பீனல் கோடு நமக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. அதன் 377-ஆம் பிரிவும் கூடவே போயிற்று. பிறகு 1930-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துச் சட்டத்தை மாதிரியாகக் கொண்ட வேறொரு தொகுப்பு அங்கே வந்தது. சட்டத்தின் பெயர் மாறியதே தவிர, இந்தப் பகுதியின் குணம் மாறவில்லை. 1962-இல் யூனியன் ஜாக் கொடி இறங்கியது. சட்டம் மட்டும் இறங்கவில்லை. எஜமானன் விட்டுப் போன பிரம்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக் கொண்டு, "இது எங்கள் பாட்டன் சொத்து" என்று சொன்ன நாடுகள் பல. நாமும் 2018-ஆம் வருஷம் வரையில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தோம்.

2009-ஆம் வருஷம் அக்டோபரில், டேவிட் பஹாட்டி என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் புதிய மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். பழைய சட்டத்திலேயே ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. அது போதாதென்று, சில சந்தர்ப்பங்களில் தூக்குத் தண்டனை விதிக்கலாம் என்றது இந்த மசோதா. அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த சில மதப் பிரசாரகர்கள் கம்பாலா நகரத்தில் இதே விஷயமாகக் கூட்டம் நடத்திப் பேசிப் போயிருந்தார்கள். அயல்நாட்டுச் சரக்கை எதிர்க்கும் மசோதாவுக்கு உரம் அயல்நாட்டிலிருந்து வந்திருந்தது!

மேல்நாட்டு ராஜதந்திரிகள் அப்போது என்ன செய்தார்கள்? முதலில் மெல்லப் பேசினார்கள். நவம்பர் மாதம் டிரினிடாடில் காமன்வெல்த் தலைவர்கள் கூடிய போது, பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரௌனும் கனடாப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரும் உகாண்டா ஜனாதிபதி முசெவேனியைக் கண்டு இதைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்க அயல்நாட்டு மந்திரி ஹில்லாரி கிளிண்டன் டெலிபோன் செய்தார். 1986-இல் ஆட்சிக்கு வந்த முசெவேனி காற்றடிக்கும் திசையறிந்தவர். 2010 ஜனவரியில் தம் கட்சிக்காரர்களைக் கூட்டி வைத்துக் கொண்டு, யார் யார் தம்மிடம் பேசினார்கள் என்பதைச் சொல்லி, இது உள்நாட்டு விஷயம் மட்டுமல்ல, அயல்நாட்டுக் கொள்கை சம்பந்தப்பட்ட விஷயமும் கூட, ஆகையால் நிதானமாகப் போக வேண்டும் என்றார். மசோதா கமிட்டியில் படுத்தது. 2011-ஆம் வருஷம் மே மாதம் அந்தப் பார்லிமெண்டின் ஆயுள் முடிந்தது. வோட்டுக்கு வராமலே மசோதாவும் முடிந்தது.

சட்டம் வரவில்லை என்பதற்காக ஜனங்களின் மனத்தில் மூட்டிய தீ அணைந்து விடுமா? 2010 அக்டோபரில் கம்பாலாப் பத்திரிகை ஒன்று சிலருடைய படங்களையும் பெயர்களையும் போட்டு, அவர்களைத் தூக்கிலிடுங்கள் என்று எழுதியது. படம் வந்தவர்களில் ஒருவர் டேவிட் கட்டோ. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவரும் வேறு இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள்; 2011 ஜனவரி 3-ஆம் தேதி ஜெயித்தார்கள். அந்த மாதம் 26-ஆம் தேதி கட்டோவை அவர் வீட்டிலேயே சுத்தியலால் அடித்துக் கொன்று விட்டார்கள். பத்திரிகைக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்றார்கள் போலீஸார். பிறகு ஒருவனுக்கு 30 வருஷம் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

அவருடைய அடக்கத்தின் போது நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஈமச் சடங்கு நடத்த வந்த பாதிரியார், சவப்பெட்டியை எதிரில் வைத்துக் கொண்டே, மாண்டவரைப் போன்றவர்களைக் கண்டித்துப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். நண்பர்கள் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்கள். பெரிய கைகலப்பு. கிராமத்தார் பெட்டியைத் தூக்க மறுத்து விட்டார்கள். நண்பர்களே தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றார்கள். இத்தகையவர்களுக்குப் பரிந்து பேசியதற்காகத் திருச்சபை ஒதுக்கி வைத்திருந்த கிழவர், பிஷப் கிறிஸ்டபர் சென்யோஞ்சோ, குழியின் அருகில் நின்று ஜபம் செய்தார். உலகத்துத் தலைவர்கள் அனுதாபச் செய்தி அனுப்பினார்கள். ஆனால் பிணத்தைத் தூக்குவதற்கு வேண்டியது அனுதாபச் செய்தி அல்ல, தோள். அந்தத் தோள் உள்ளூரில்தான் கிடைக்கும்.

இதற்குப் பிறகு ராஜதந்திரத்தின் குரல் உயர்ந்தது. 2011 அக்டோபரில், பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் காமெரான், இத்தகைய சட்டங்களை வைத்திருக்கும் நாடுகளுக்குத் தரும் உதவிப் பணத்தைக் குறைக்கக் கூடும் என்ற பொருள்படப் பகிரங்கமாகப் பேசினார். உடனே ஆப்பிரிக்காவில் எதிரொலி எழுந்தது. பிரிட்டன் எங்களைச் சிறு பிள்ளைகளாக நடத்துகிறது என்றார்கள் உகாண்டாவில். கானா ஜனாதிபதி ஆட்டா மில்ஸும் மறுத்துப் பேசினார். இவர்கள் மறுத்ததில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் வேறொன்று. எவருடைய உரிமைக்காகக் காமெரான் பேசினாரோ அவர்களுக்காகவே ஆப்பிரிக்காவில் பாடுபட்டு வந்த சங்கத்தார் பலர் ஒன்று கூடி, "தயவு செய்து இப்படிச் செய்யாதீர்கள்" என்று அறிக்கை விட்டார்கள். உதவிப் பணம் நின்றால் முதலில் பாதிக்கப்படுகிறவர்களில் நாங்களும் இருப்போம். ஆஸ்பத்திரி மருந்து நின்று போனதற்கு ஊரார் எங்களைத்தான் பழிப்பார்கள். இதுவே அவர்கள் வாதத்தின் சாரம். ஏழை வீட்டுப் பெண் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "ஐயா, அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தி விடாதீர்கள், குழந்தைகள் பட்டினி கிடக்கும், பழி என் தலையில் விழும்" என்று சொல்வது போல இருக்கிறது அல்லவா?

அந்த வருஷம் டிசம்பரில் ஹில்லாரி கிளிண்டன் ஜினீவாவில் இதைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கமே செய்தார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைச் சபை, தென் ஆப்பிரிக்கா முன்னின்று கொண்டு வந்த தீர்மானத்தை அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் 23-க்கு 19 என்ற வோட்டுக் கணக்கில் நிறைவேற்றியிருந்தது. அப்போது ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் கமிஷனராக இருந்தவர் நவநீதம் பிள்ளை. தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழ் வம்சத்தில் பிறந்தவர். உகாண்டா மசோதாவை அவர் தொடக்கத்திலிருந்தே கண்டித்து வந்தார். வெள்ளையர் ஆட்சியின் நிறவெறியை அனுபவித்து வளர்ந்த அந்த அம்மையாரைப் பார்த்து, "நீ வெள்ளைக்காரன் பேச்சைப் பேசுகிறாய்" என்று சொல்வது எளிதல்ல. ஒரே வாக்கியம் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அதன் எடை மாறி விடுகிறது.

கியூபெக் சண்டைக்குப் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. கிறிஸ்துமஸ் பரிசு ஒரு வருஷம் தாமதமாக வந்தது. 2013 டிசம்பர் 20-ஆம் தேதி மசோதா நிறைவேறியது. தூக்குத் தண்டனை போய் ஆயுள் தண்டனை நின்றது. சபையில் போதிய அங்கத்தினர்கள் இல்லையே என்று பிரதம மந்திரி மபாபசி ஆட்சேபித்தார். சபாநாயகர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதற்கு 9 நாள் முன்பு, டிசம்பர் 11-ஆம் தேதி, நம்முடைய சுப்ரீம் கோர்ட்டும் 377-ஆம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. மறுநாள் நியூயார்க்கில் இந்தியத் தூதரக அதிகாரி ஒருவரை வேறொரு வழக்கில் கைது செய்தார்கள். தேசமெங்கும் கொதிப்பு. அப்போது நம் முன்னாள் அயல்நாட்டு மந்திரி ஒருவர், டில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தாரின் தன்பால் துணைவர்களைப் பதிலுக்குக் கைது செய்யலாமே, சட்டந்தான் இருக்கிறதே என்று யோசனை சொன்னார். நல்ல வேளையாக அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு ராஜ்யங்கள் சண்டை போடும் போது இந்த மனிதர்கள் எவ்வளவு சுலபமாகச் சதுரங்கக் காய்களாகி விடுகிறார்கள் என்பதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

முசெவேனி கையெழுத்திடுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினார். விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். 2014 பிப்ரவரி 16-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, இது இரு நாட்டு உறவைச் சிக்கலாக்கும் என்று பகிரங்கமாக எச்சரித்தார். 24-ஆம் தேதி எண்டெபி மாளிகையில், அயல்நாட்டு நிருபர்களைக் கூட்டி வைத்துக் கொண்டு, காமிராக்களுக்கு முன்னால் முசெவேனி கையெழுத்திட்டார். மேல்நாட்டாரின் வற்புறுத்தலுக்கு உகாண்டா பணியாது என்பதை உலகம் காண வேண்டும் என்றே அவ்வாறு செய்வதாக அவருடைய சர்க்கார் சொன்னது. மறுநாள் ஒரு பத்திரிகை 200 பேரின் பட்டியலை வெளியிட்டது.

இப்போது பணப்பையின் வாய் சுருங்கியது. டென்மார்க்கும் நார்வேயும் சர்க்காருக்குத் தந்த பணத்தை வேறு வழியில் திருப்பின. நெதர்லாந்து நீதித் துறைக்கான உதவியை நிறுத்தியது. உலக வங்கி 9 கோடி டாலர் கடனைத் தள்ளிப் போட்டது. அந்தக் கடன் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சுகாதார வசதிகளுக்கு, முக்கியமாகத் தாய்மார்களின் பிரசவ நலத்துக்கு! பார்லிமெண்டில் கை தூக்கியவர்களுக்குத் தண்டனை என்று நினைத்து எறிந்த கல், பிரசவ ஆஸ்பத்திரியின் வாசலில் போய் விழுந்தது. அமெரிக்கா கொஞ்சம் யோசித்துச் செய்தது என்று சொல்ல வேண்டும். எயிட்ஸ் நோயாளிகளுக்கான மருந்தை நிறுத்தவில்லை. ஜூன் மாதத்தில் சில அதிகாரிகளுக்கு விசா மறுத்தது. விமானப் படைப் பயிற்சி ஒன்றை ரத்துச் செய்தது. போலீஸுக்குத் தந்த பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தியது. உகாண்டாவின் சங்கத்தார் கேட்டுக் கொண்டதும் ஏறக்குறைய இதுவே. ஜனங்களின் வயிற்றில் அடிக்காதீர்கள், சட்டம் செய்தவர்களின் சௌகரியத்தில் கை வையுங்கள் என்றார்கள்.

2014 ஆகஸ்டு 1-ஆம் தேதி உகாண்டாவின் அரசியல் சட்டக் கோர்ட்டு அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. மனித உரிமை என்றோ சமத்துவம் என்றோ கோர்ட்டு வாதிக்கவில்லை. அன்று சபையில் கோரம் இல்லை, சபாநாயகர் தலைகளை எண்ணவில்லை, ஆகவே சட்டம் செல்லாது. அவ்வளவுதான்! மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் மாநாடு தொடங்கியது. முசெவேனியும் போயிருந்தார். நெருக்கடி இல்லாமலே கோர்ட்டு இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால் வழக்குப் போட்டவர்கள் உகாண்டாக்காரர்கள். ஒரு பேராசிரியர், ஒரு பத்திரிகையாளர், ஆளும் கட்சியின் அங்கத்தினர் ஒருவர் கூட அவர்களில் இருந்தார். வெளியிலிருந்து காற்று வீசியிருக்கலாம். துடுப்புப் போட்டவர்கள் உள்ளே இருந்தவர்கள்தான்.

கோரம் இல்லாமல் போன வெற்றி, கோரத்தோடு திரும்பி வந்தது. 2023 மார்ச்சில் மறுபடியும் ஒரு மசோதா. இந்தத் தடவை சபை நிரம்பியிருந்தது. எதிர்த்தவர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். தூக்குத் தண்டனையும் திரும்பி வந்து விட்டது. மே மாதம் முசெவேனி கையெழுத்திட்டார். ஆகஸ்டில் உலக வங்கி புதிய கடன்களை நிறுத்தியது. அமெரிக்கா, உகாண்டாவுக்குத் தந்திருந்த வியாபாரச் சலுகையை 2024 ஜனவரியோடு நீக்கியது. கடன் இல்லாமலும் எங்களுக்கு முன்னேறத் தெரியும் என்றார் முசெவேனி. 2024 ஏப்ரல் 3-ஆம் தேதி கோர்ட்டு சில பிரிவுகளை மட்டும் வெட்டி விட்டு மற்றதெல்லாம் செல்லும் என்றது. நீதிபதிகள் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளில், கருக்கலைப்பு உரிமையைப் பறித்து அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2022-இல் அளித்த தீர்ப்பும் ஒன்று. உபதேசம் செய்த குருவின் வீட்டு ஏட்டிலிருந்தே சிஷ்யன் பாடம் எடுத்துக் கொண்டான்! 2025 ஜூனில் உலக வங்கி, சில பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்திருப்பதாகச் சொல்லி, மறுபடி பணம் கொடுக்க முன்வந்தது.

அப்படியானால் ராஜதந்திரம் பயனற்றதா? அப்படி நான் சொல்ல மாட்டேன். முதலில் மெல்லப் பேசிய பேச்சு ஒரு மசோதாவை ஒரு பார்லிமெண்டின் ஆயுள் முழுவதும் நிறுத்தி வைத்தது. பயந்து கொண்டு வாழ்கிறவனுக்கு அந்தக் காலம் சிறிய காரியம் அல்ல. ஆனால் அந்த அவகாசத்தில் ஜனங்களின் மனத்தை மாற்றும் வேலையை எந்தத் தூதராலும் செய்ய முடியவில்லை. அது அவர் வேலையும் அல்ல. உரத்த குரலோ, பேசுகிறவரின் சொந்த நாட்டில் கைதட்டல் வாங்கியது. எதிராளிக்கும் அவர் நாட்டில் கைதட்டல் வாங்கித் தந்தது. நடுவில் இருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் 377-ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கிய 2018 செப்டம்பர் 6-ஆம் தேதித் தீர்ப்பு, எந்த வெளிநாட்டுத் தூதரும் மேஜையைத் தட்டி வாங்கியதல்ல. பெயரையும் முகத்தையும் மறைக்காமல் கோர்ட்டுப் படியேறிய நம் ஜனங்கள் வாங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், இத்தகையவர்கள் படும் துன்பத்தை ஆராய ஒரு நிபுணரை நியமிக்கும் தீர்மானம் ஜினீவாவில் வோட்டுக்கு வந்த போது, இந்தியா எந்தப் பக்கமும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தது. வீட்டில் வழக்கு நடக்கும் போது ஊர்ப் பஞ்சாயத்தில் வாய் திறப்பது கஷ்டந்தான்.

அடுத்த வீட்டுக்காரர் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசுவதற்கு முன், கொல்லைப்புறமாகப் போய், அடி வாங்குகிற அந்தப் பெண்ணிடம், "அம்மா, நான் என்ன செய்தால் உனக்கு நல்லது?" என்று ஒரு வார்த்தை கேட்டு விட்டு வரட்டும். அவள் ஒருவேளை, "இப்போது ஒன்றும் சொல்லாதீர்கள், விளக்கை மட்டும் அணைக்காமல் இருங்கள், இன்றிரவு நான் ஓடி வர வேண்டியிருக்கும்" என்று சொல்லக்கூடும்.